தொடையில் மூன்று தட்டு

11 பிப்ரவரி 2001, ஞாயிறு

இன்றும் தண்ணீர் வரவில்லை. காலை ஆறரைக்கே வாசலில் குடங்கள். தெருக்குழாய் காய்ந்துபோனால் வார்டு கார்ப்பரேட்டரான அப்பாவைத் தேடி எங்கள் வாசலில் வந்து நிற்பது மர்பி டவுனில் எங்கள் தெருவின் வழக்கம். எதிர்வீட்டு அன்னம்மாள் அக்கா எப்போதும் முதல் ஆள்.

“ஜெயராமா, உனுக்கும் வர்லியா, இல்ல உனுக்கு மட்டும் வந்துச்சா? அத்த மட்டும் சொல்லிடு, நாங்க போய்க்கினே இருக்கோம்.”

அப்பா உள்ளே ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். அம்மாதான் வெளியே போய்க் காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். யாரும் நம்பவில்லை. ஐந்து வருடமாக யாரும் நம்பியதில்லை.

மாலையில் அப்பாவுக்குக் கூட்டம். ஆறு அட்டை எழுதிக் கொடுத்தேன், பெரிய எழுத்தில், ஓர் அட்டைக்கு நான்கு வரி. அப்பாவுக்கு மைக் முன்னால் ‘ப’ வராது. வீட்டில் வரும், தெருவில் வரும். மேடையில் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. “ஈஸியா எழுதும்மா” என்பார், அவ்வளவுதான். பி.ஏ. முதல் வருடத்தில் நானே கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து என் அட்டைகளில் ப-வில் தொடங்கும் சொல்லே கிடையாது. பொதுமக்கள் இல்லை, மக்கள். பள்ளிக்கூடம் இல்லை, ஸ்கூல். பெங்களூர்கூட இல்லை, நம்ம ஊர். அவராகப் பேசும்போது தப்பித்தவறி வந்துவிட்டால், மேசை மறைவில் வலது கை தொடையில் மூன்று முறை தட்டும். பிறகு சொல் வரும்.

அப்பாவின் தொண்டையில் ஒரு எழுத்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி நான் வழி போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுதான் என் இலக்கியப் படிப்பின் பயன்.

17 பிப்ரவரி, சனி

தியோடர் அண்ணனின் டி.டி.பி. கடையில் இன்று கூட்டமில்லை. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அடிக்கத் தெரிந்தவள் என்பதால் என்னை வைத்திருக்கிறார். மதியம் யூஜின் வந்தான்.

இதை எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை எழுதத்தானே இந்த நோட்டு.

யூஜின் ஆஸ்டின் டவுன்காரன், மிமிக்ரி செய்கிறவன். அவன் மேடையேறினால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்துகின்றன. நவம்பரில் நோட்டீஸ் அடிக்க வந்தபோது, நான் யார் என்று தெரியாமல் தியோடர் அண்ணனிடம் எங்கள் அப்பாவைப் போலப் பேசிக் காட்டினான். நான் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமல், “அவர் அப்படிச் சொல்லமாட்டார். ‘நான் என்னா சொல்றேன்னா’ன்னு ஆரம்பிச்சிட்டு, எதுவும் சொல்லாம முடிப்பார்” என்றேன். தியோடர் அண்ணன் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. இப்போது யூஜினின் ‘கார்ப்பரேட்டர் ஐட்டம்’ முழுக்க நான் எழுதுவது. அவனுக்கும் தியோடர் அண்ணனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

இன்று வந்து, “மேடம், உங்க டைலாக்குக்கு ரெண்டு வாட்டி ஒன்ஸ்மோர்” என்றான். எந்த டைலாக் என்று கேட்டேன். “நீங்க திட்டுற திட்டெல்லாம் எனக்கு வாழ்த்து மாதிரி.”

சென்ற மாதம் அதே வரியை அப்பாவின் அட்டையிலும் எழுதியிருந்தேன். வேண்டுமென்றே. என்ன ஆகிறது பார்க்கலாம் என்று. அப்பா சொன்னபோது பின்னாலிருந்து ஒருவன், “அப்ப இரு, இன்னும் நாலு வாழ்த்து வாழ்த்திட்டுப் போறோம்” என்றான். யூஜின் அதை அப்பாவின் குரலில் சொன்னபோது கைதட்டல்.

ஒரே வரி, ஒரே குரல். எழுதியதும் ஒரே கை. பிறகு எது மாறுகிறது?

18 பிப்ரவரி

கைதட்டல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் உண்மை. மற்றதெல்லாம் ஆராய்ச்சி.

4 மார்ச், ஞாயிறு

டி.வி.யில் ஒரு நடிகரின் பிறந்தநாள் கூட்டத்தைக் காட்டினார்கள். அப்பா பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

“சும்மா கையாட்டுறான், விசிலடிக்கிறாங்க. நான் மூணாவது கிராஸ்ல சாக்கடை கட்டினேன். எவ்ளோ தின்னன்னு கேட்டாங்க.”

“நீயும் கையாட்டிட்டு சும்மா இருந்திருக்கலாம்” என்றாள் அம்மா. அப்பா சிரித்துவிட்டார். அம்மாவிடம் மட்டும் அப்படிச் சிரிப்பார்.

அப்பா தின்றிருக்கிறாரா? தெரியாது. கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததும் ஒருவகைப் பதில்தான் என்று சில சமயம் தோன்றும்.

யூஜின் போன மாதம் எங்கள் தெரு நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தான். “டிராஃபிக்ல மாட்டிக்கினானாம், பாவம்” என்று அன்னம்மாள் அக்கா விசிறிக்கொண்டே காத்திருந்தார். அப்பா பத்து நிமிடம் பிந்தினால், “தொரை இப்பத்தான் எந்திரிச்சுதா?” அக்காவின் பேரனுக்குப் பெயர் வைக்க வருகிறேன் என்று யூஜின் சொல்லிவிட்டு வரவே இல்லை. அவன் போட்டோ இன்னும் அவர் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. அப்பா போனார். எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார். அதில் பூனைக்குப் பால் வைக்கிறார்கள்.

சிரிப்பு உடனே கைக்கு வந்துவிடுகிறது, அதனாலா? யூஜின் கொடுப்பதை அங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடலாம். அப்பா கொடுப்பதெல்லாம் நாளைக்கு வரவேண்டியது. தண்ணீர் வந்தாலும் அது நேற்றே வந்திருக்க வேண்டிய தண்ணீர். நன்றி சொல்ல ஒருவருக்கும் தோன்றாது.

நூலகத்தில் எடுத்த வரலாற்றுப் புத்தகத்தில் ராஜாவுக்கு முந்நூறு பக்கம், அவனுடைய விதூஷகனுக்கு இரண்டு வரி. விதூஷகனுக்கு எழுதிக் கொடுத்தவளுக்கு ஒரு வரிகூட இல்லை. நல்லதுதான்.

8 ஏப்ரல், ஞாயிறு

அம்பேத்கர் ஜெயந்தி நோட்டீஸ் வேலைக்காகக் கடை இன்றும் திறந்திருந்தது. யூஜின் கோயிலிலிருந்து நேரே வந்தான், சட்டைப்பையில் குருத்தோலைச் சிலுவையோடு. பதினான்காம் தேதி ஜெயந்தி மேடையில் அவன் நிகழ்ச்சி. அது ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமையும்கூட. அன்றைக்குமா மேடையேறுவாய் என்று வீட்டில் திட்டாம்.

“பழைய ஐட்டமெல்லாம் தெருவே சொல்லுது மித்ரா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள முன் வரிசைல முடிச்சிட்றாங்க. புதுசா ஒண்ணு குடுங்க. வெளிய தெரியாதது.”

“இல்லை.”

“இருக்கும். வீட்டுக்குள்ள எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும்.”

மூன்று தட்டைச் சொன்னேன்.

நான்கு சொற்கள்கூட ஆகவில்லை. ‘ப’ வராவிட்டால் தொடையில் தட்டுவார் என்றேன். அவன் உடனே எழுந்து நின்று செய்து காட்டினான். அப்பா என் முன்னால் நின்றார். என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

நாளைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

10 ஏப்ரல்

சொல்லவில்லை. அவன் வரவும் இல்லை.

15 ஏப்ரல், ஞாயிறு

நேற்று நடந்தது.

ஜெயந்தி மேடையில் எப்போதும் கார்ப்பரேட்டர் பேச்சை மிமிக்ரிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் நடுவில் வைப்பார்கள். முதலில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள், கடைசியில் வைத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். நடுவில் மாட்டினால் எங்கே போவார்கள்? ஏற்பாட்டுக்காரர்களின் தந்திரம் அது. அதனால் யூஜின் செய்தபோது அப்பா முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மாலையோடு, உட்கார்ந்திருந்தார்.

யூஜின் “ப… ப… ப…” என்றான். தட் தட் தட். “பைப்பு!”

கூட்டம் ஒரு கணம் புரியாமல் இருந்தது. இரண்டாம் முறை புரிந்துகொண்டது. மூன்றாம் முறை ஐந்நூறு பேரும் தங்கள் தொடையில் தட்டினார்கள். மழை மாதிரி இருந்தது அந்தச் சத்தம். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்பா சிரித்தார். வாயால் மட்டும். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி, அட்டைகளை எடுக்காமல், ஓரத்தில் நின்ற யூஜினைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரே ஒரு சொல். ‘ப’ என்று தொடங்கியது. நின்றுவிட்டது. கை கீழே போனது, பாதியில் நின்றது. அந்தக் கையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார்.

அப்போது கூட்டம் அவருக்காகத் தட்டிக் கொடுத்தது. தட் தட் தட். சொல் வரவில்லை. மறுபடியும் தட்டினார்கள். விசில். அவர் யூஜினோடு சேர்ந்து நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்னம்மாள் அக்கா, “அடப்பாவி, ஜெயராமனுக்கு இவ்ளோ தமாஷ் வருமா” என்று கண்ணீர் வரச் சிரித்தார்.

அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கினார். ஐந்து வருடத்தில் முதல் முறையாக அவருக்குக் கைதட்டினார்கள்.

16 ஏப்ரல், திங்கள்

அடுப்படியில் அப்பா அம்மாவிடம் கேட்டது என் திரைக்குப் பின்னால் கேட்டது. என் அறைக்குக் கதவு கிடையாது, திரைதான்.

“கல்யாணமான புதுசுல உனக்கு ஒருத்திக்குத்தானே சொன்னேன் தனக்கோடி?”

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் எழுந்து போயிருக்கலாம்.

“எப்பவோ, கொழாயாண்ட, யார்கிட்டயோ வாய் விட்ருப்பேன்” என்றாள் அம்மா.

அவள் யாரிடமும் எதையும் வாய் விடுகிறவள் இல்லை. அது அப்பாவுக்கும் தெரிய வேண்டும். நான் பார்த்திருப்பேன் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காதவள் இவள் என்றுதான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

17 ஏப்ரல்

அம்மாவிடம் போனேன். “அம்மா, அது—”

“அரிசி ஊறப்போடணும், நகரு.”

20 ஏப்ரல்

அப்பா அம்மாவோடு பேசுவதில்லை. என்னிடம் சொல்கிறார்: “அம்மாகிட்ட சொல்லு, வெளிய சாப்பிட்டுட்டேன்னு.” அம்மா இரண்டடி தூரத்தில் நிற்கிறாள்.

6 மே, ஞாயிறு

கட்சிச் செயலாளர் ராஜேந்திரன் அண்ணன் வந்தார். வாயெல்லாம் பல்.

“ண்ணா, வருஷக் கடைசில எலக்‌ஷன். இதுவரைக்கும் உன் கூட்டத்துக்கு ஆள் புடிக்க நான் பட்ட பேஜார் எனக்குத்தான் தெரியும். இப்ப அவனவன் எப்போ ஜெயராமன் கூட்டம்னு கேட்டுக்கினு கீறான். யூஜின்கிட்டப் பேசிட்டேன். அவன் முதல்ல உன்ன மாதிரி பண்ணுவான், அப்புறம் நீ வந்து நிப்ப. அந்த ‘ப ப’ மட்டும் வுட்றாத.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். திரையைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம், வேண்டிக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும்.

“கைதட்டுறாங்க இல்ல?” என்றார் அப்பா.

“ஐயோ, என்னண்ணா கேக்குற.”

“சரி.”

ராஜேந்திரன் அண்ணன் கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார். “பாப்பா, ரெண்டு பேருக்கும் நீயே எழுதிடு. யூஜினுக்கு எழுதறவன் எவனோ சூப்பரா எழுதுறான், ஆனா வெளியாள் நமக்கு எதுக்கு? அப்பாவோட அட்டைல மட்டும் நெறைய ப போடு.”

9 மே

பொதுமக்களே. பெரியோர்களே. பாட்டாளிகளே. பாசமிக்க பெண்களே.

ஆறு அட்டை. ஐந்து வருடம் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப்போட்ட முள்ளை ஒரே மாலையில் திரும்பப் பரப்பிவிட்டேன். அப்பா ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். முடித்துவிட்டு, “நல்லாருக்கும்மா” என்றார்.

3 ஜூன், ஞாயிறு

நான்கு கூட்டங்கள் ஆகிவிட்டன. கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. அப்பா தெருவில் நடந்தால் பிள்ளைகள் தொடையைத் தட்டுகிறார்கள். அவரும் திரும்பத் தட்டுகிறார். அன்னம்மாள் அக்கா மீன்குழம்பு கொடுத்தனுப்பினார். தண்ணீர் இப்போதும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான். யாரும் வாசலில் வந்து கத்துவதில்லை.

ஆக, இவ்வளவுதானா? தண்ணீரா அவர்களுக்கு வேண்டியிருந்தது? அப்பா அவர்களைவிடத் தாழ்ந்து நிற்பதை ஒருமுறை பார்க்க வேண்டியிருந்ததா? நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனை யாருக்கும் பிடிக்காது. அவனே வழுக்கி விழுந்தால் கை கொடுப்பார்கள். தினமும் விழவேண்டும், அதுதான் நிபந்தனை.

நான் எழுதுவது நியாயம் போலத் தொனிக்கிறது. மக்களைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கிறேன்.

21 ஜூன்

அப்பாவுக்கு இப்போது வீட்டிலும் ‘ப’ நின்றுவிடுகிறது. இன்று சாப்பிடும்போது “ப…” என்று நின்றுவிட்டார். அம்மா பருப்பா, பொரியலா, எது என்று தெரியாமல் இரண்டு பாத்திரத்தையும் முன்னால் நகர்த்தினாள். அவர் எதையும் எடுக்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டார்.

இதுவரை இந்த வீட்டில் அந்த அடைப்பு நுழைந்ததில்லை.

30 ஜூன், சனி

யூஜினிடம் நிறுத்தச் சொன்னேன். தியோடர் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றார்.

“நான் நிறுத்தினா கோலார்லருந்து இன்னொருத்தன இட்டுகினு வருவாங்க. உங்கப்பாவே நிறுத்தலியே.”

“நீ எங்கப்பா மாதிரி பேசாம உன்னை மாதிரி பேசிப் பாரேன்.”

அவன் கொஞ்சநேரம் கம்ப்யூட்டர் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். “ஒரு வாட்டி பேசினேன். எங்கப்பா செத்த நாப்பதாம் நாள் கூட்டத்துல. ரெண்டு நிமிஷம். எல்லாரும் எப்போ ஜோக் வரும்னு பாத்துக்கினு இருந்தாங்க.”

அவன் சொந்தக் குரலை அப்போதுதான் கவனித்தேன். எந்த நிறமும் இல்லாத குரல். இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அதை நான் கேட்டிருக்கவில்லை.

கடையிலும் பேச்சு. வீட்டிலும் பேச்சு. இரண்டும் நான் எழுதியது. எந்தக் கதவைத் திறந்தாலும் என் வரிதான் எதிரில் நிற்கிறது.

14 ஜூலை

மைசூரில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கும் வேலை இருக்கிறதாம். தியோடர் அண்ணன் விலாசம் கொடுத்தார். “போய்ட்ரும்மா” என்றார். விண்ணப்பத்தை அடித்தேன். அனுப்பவில்லை. நான் போய்விட்டால் அம்மா சொன்ன பொய் நிஜமாகிவிடும்.

22 ஜூலை, ஞாயிறு

அம்மா இளைத்துவிட்டாள். ரவிக்கைக் கை தொளதொளவென்று இருக்கிறது. மூன்று மாதமாக அவளோடு வீட்டில் பேசுவது நான் ஒருத்தி. நான் பேசினால் அவள் குக்கரை ஏற்றுகிறாள்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

முதலில் அட்டையில் எழுதினேன். ‘அப்பா, யூஜினுக்குச் சொன்னது அம்மா இல்லை, நான்.’ பெரிய எழுத்தில், நான்கு வரியாக. மாலைக் கூட்டத்துக்கான அட்டைக் கட்டின் மேல் வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் அதை மைக் முன்னால் எடுப்பார். எடுத்துக் கிழித்தேன். எழுத்தைத் தவிர எனக்கு வேறு வழியே தெரியாதா?

அப்பா வாசல்படியில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். ஐட்டங்கள் எழுதியதையும் சொன்னேன். நவம்பரிலிருந்து எல்லாவற்றையும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே, “கைதட்டினாங்கப்பா” என்றேன்.

பிரஷ் நிற்கவில்லை. ஒரு ஷூவை முடித்தார். மற்றதை எடுத்தார்.

“மூணு இல்ல” என்றார்.

“என்னப்பா?”

“தட்டு. மூணு இல்ல, நாலு. நாலாவது கால் கட்டைவிரல். ஷூக்குள்ள. அது உனக்குத் தெரிஞ்சிருக்காது.” பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “அன்னிக்கு அந்தப் பையனுக்கு ஒண்ணு சொல்ல வந்தேன். ப…” நின்றது. கை தொடைக்குப் போனது, மறைக்காமல். மூன்று முறை. வெறுங்காலின் கட்டைவிரல் படியில் ஒருமுறை. “பரவால்லன்னு.”

எனக்கு அழுகை வந்தது. அவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

“அது அவனுக்குச் சொல்ல வந்தது. உனக்குச் சொல்லல.”

உள்ளே போனார். அடுப்படியில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடப் பார்க்கிறேன். மதியம் அப்பாவுக்கும் தனக்கும் அம்மா ஒன்றாகத் தட்டு வைத்தாள்.

மாலைக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை.

12 ஆகஸ்ட்

ராஜேந்திரன் அண்ணன் மூன்று முறை வந்துவிட்டார். “ஜனங்க கேக்குறாங்கண்ணா.” அப்பா, “கேக்கட்டும்” என்கிறார்.

என்னிடம் அட்டை கேட்பதில்லை. என்னிடம் எதுவுமே கேட்பதில்லை. ‘அம்மாகிட்ட சொல்லு’ என்பதும் இல்லை. அந்த வேலையும் போய்விட்டது.

23 செப்டம்பர், ஞாயிறு

எங்கள் வார்டில் கட்சி யூஜினை வேட்பாளராக நிறுத்துகிறது.

ராஜேந்திரன் அண்ணன் தெருமுனையில் நின்றே அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார், வீட்டுக்குள் வரவில்லை. “கூட்டம் அவனுக்காகத்தான் வந்துச்சுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க தங்கச்சி. நான் என்னா பண்ண?”

பழைய வாக்காளர் பட்டியல் கட்டுகளைக் கேட்டு மாலையில் ஆள் அனுப்பினார்கள். இந்த நோட்டை நான் அதற்குள்தான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தேன். அவசரமாக உருவிக்கொண்டேன். இனி எங்கே வைப்பது? அம்மா அரிசி டிரம்மைத் திறந்து வைத்துவிட்டு, “உள்ள ஏதாவது போடணும்னா போடு, நான் பாக்கல” என்றாள்.

நவம்பர், தேதி பார்க்கவில்லை

யூஜின் ஜெயித்துவிட்டான். தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். ஊர்வலத்தில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது யாரோ ‘தட் தட் தட்’ என்றார்கள். அவன் கையை உயர்த்தி நிறுத்தினானாம். நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்தாள்.

மைசூருக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். தியோடர் அண்ணன் என்னைவிட வருத்தப்பட்டார்.

10 பிப்ரவரி 2002, ஞாயிறு

நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. குடங்கள் இப்போது ஆஸ்டின் டவுனுக்குப் போகின்றன, ஆட்டோவில். இன்று காலை யூஜின் எங்கள் தெருவுக்கு வந்தான், வெள்ளைச் சட்டையில். கூட்டம் சூழ்ந்துகொண்டது. வழக்கம்போல் ஒரு நடிகர் குரலில் ஏதோ சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்னம்மாள் அக்கா, “டேய், அந்தக் கொரல்லாம் டி.வி.ல கேட்டுக்கிறோம். எவ்ளோ தின்ன, அத்தச் சொல்லு உன் கொரல்ல” என்றார். “ஜெயராமன் இருக்க சொல்ல மூணு நாளைக்கு ஒரு வாட்டியாவது வந்துச்சு.”

அப்பா ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் கை தொடைமேல் இருந்தது. மெதுவாக, யூஜினுக்காகப்போல, தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு யூஜின் எங்கள் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக. அம்மாதான் தண்ணீர் கொடுத்தாள், பாதி டம்ளர்.

“நாளைக்குக் கார்ப்பரேஷன்ல தண்ணி விஷயமா பேசணும் மித்ரா. மைக் குடுத்தா எனக்குப் பேச்சு வர்ல. வேற எவன் குரலாவதுதான் வருது. எனக்குன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க.”

நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவன் போய்விட்டான். நான் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் குரல் என் பெயரைச் சொன்னது.

“மித்ரா.”

“என்னப்பா.”

“எழுதிக் குடு. தண்ணி வரணுமில்ல.” பிறகு, “அவனுக்கு எந்த எழுத்தும் நிக்காது. எது வேணா எழுது” என்றார்.

அட்டை எடுத்தேன். பெரிய எழுத்து தேவையில்லை, இருந்தும் பெரிதாகத்தான் வந்தது. ‘பொதுமக்கள் சார்பாக’ என்று தொடங்க வேண்டும். பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தால், ‘மக்கள் சார்பாக’ என்று இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதேதான்.